இரண்டு வலது கைகள்

அசோகனின் இடது தோளுக்கு வியாசர்பாடி கால்பந்து வட்டாரத்தில் தனியாக ஒரு பேர் இருந்தது. அவன் போட்ட கோலை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. போட்டால்தானே ஞாபகம் வைக்க. ஆனால் அவன் தோள் கழன்ற ஆட்டங்களை ஒன்றுவிடாமல் சொல்ல ஆள் இருந்தார்கள். பந்துக்காக எம்புவான், யாராவது இடிப்பான், மூட்டு நழுவி முன்பக்கம் வந்துவிடும். வேறு ஆளாயிருந்தால் அலறிப் புரளுவான். நம்ம ஆளோ நடு மைதானத்தில் சாவகாசமாக உட்காருவான். இடது முழங்காலை மடக்கி, இரண்டு கை விரல்களையும் அதைச் சுற்றிக் கோத்துக்கொண்டு, கண்ணை மூடி மெதுவாகப் பின்னால் சாய்வான். 'டொக்'கென்று ஒரு சத்தம் வரும். எழுந்து கையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவான். கூட்டம் விசிலடித்துத் தீர்க்கும்.

அந்த விசில்தான் மனுஷனைக் கெடுத்தது. உலகத்திலுள்ள அத்தனை தோள்களும் தன் தோள் மாதிரிதான் என்று நம்ப ஆரம்பித்துவிட்டான். பக்கத்துத் தெருப் பையன்களுக்குக் கை இறங்கினாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். இடது காலின் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, விழுந்து கிடப்பவனின் அக்குளில் குதிகாலை ஊன்றி, கையைப் பிடித்து ஒரே இழுப்பு. அசோகன் ஷூவைக் கழற்றினான் என்றாலே கூட்டம் மூச்சடக்கும். அப்படி அவன் ஏற்றிவிட்டவர்களில் ஒருவன் அப்புறம் ஆடவே வரவில்லை. வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று அசோகன் தானாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான்.

மெர்லின் மட்டும் விசிலடிக்காதவள். ராயபுரத்துப் பெண், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், பெண்கள் அணியில் கோல்கீப்பர். முதன்முதலில் அவனுடைய வித்தையைப் பார்த்த அன்று நேராக அவனிடம் வந்து, "டாக்டர்கிட்ட காமிச்சியா?" என்று கேட்டாள். காட்டவில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் விழுந்தவன் எழுந்திருக்கவேயில்லை. இரண்டு வீட்டிலும் முகம் சுளித்தார்கள், அப்புறம் அலுத்துப் போய் விட்டுவிட்டார்கள். கல்யாணமாகித் திருவொற்றியூரில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள். அவன் கன்டெய்னர் யார்டில் பெட்டி எண் சரிபார்க்கிற வேலைக்குப் போனான். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மைதானத்துக்குப் போனார்கள்.

ஒருமுறை விளையாட்டு டீச்சர்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தினார்கள். மெர்லினை வண்டியில் கொண்டுபோய் விட்ட அசோகன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சுண்டல் தின்றான். தோளைப் பற்றிய பாடம் வந்தபோது, தனக்கே பாடமா என்று சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். மெர்லின் தூங்கவில்லை.

அது மார்கழி ஞாயிறு. எண்ணூர் சாலையோரம் இருக்கிற மைதானத்தில் காலையிலிருந்தே பனி. பனியோடு புகைபோக்கிகளின் புகையும் கலந்து, எதிரே இருக்கிற கடலே காணாமல் போயிருந்தது. அலை பாறையில் மோதுகிற சத்தம் மட்டும் வந்தது. வெயில் ஏறியும் வெள்ளை கலையவில்லை. ஆடுகிற பெண்கள் வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள், மறுபடி அதற்குள்ளேயே போனார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற அசோகனுக்கு, தான் இன்னும் தூங்கி எழவில்லையோ என்று தோன்றியது. மெர்லின் கம்பங்களுக்கு நடுவே பச்சை பனியனில் அசைந்துகொண்டிருந்தாள். அவளை அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு அலுக்கவே அலுக்காது.

பந்து பனிக்குள்ளிருந்து வந்தது. மெர்லின் இடது பக்கமாகப் பாய்ந்தாள். கை நீண்டு பந்தைத் தட்டியது, பந்து வெளியே போனது. அதே நேரம் எதிரணியான எண்ணூர் அணிப் பெண் ஒருத்தி வேகத்தை அடக்க முடியாமல் வந்து, தரையில் நீண்டிருந்த அந்தக் கையின் மேலேயே விழுந்தாள். சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. அசோகனுக்கு மட்டும் கேட்டது. அவனுக்குத் தெரிந்த சத்தம்தான், அவன் உடம்பிலேயே எத்தனையோ தடவை கேட்ட சத்தம். இன்னொருவர் உடம்பிலிருந்து வரும்போது அது வேறாக இருந்தது.

ஓடினான். மெர்லின் எப்படியோ எழுந்து உட்கார்ந்து, வலது கையால் இடது முழங்கையைத் தாங்கியிருந்தாள். தோளில் எப்போதும் இருக்கிற உருண்டையைக் காணோம். பனியன் ஹேங்கரில் மாட்டினாற்போல அந்த இடத்தில் மூலையாகத் தொங்கியது. முகம் வெளுத்து, உதட்டோரம் வியர்த்திருந்தது.

"வுடுங்க, வுடுங்க, அசோக்கு வந்துட்டான்!" என்று கூட்டம் வழிவிட்டது. யாரோ முன்கூட்டியே ஒரு விசில் கொடுத்தான்.

அசோகன் குனிந்து இடது ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது.

"ஷூவ மாட்டு" என்றாள் மெர்லின்.

"ஒரே இழுப்பு மெர்லினு. கண்ண மூடிக்கோ, முடிஞ்சிரும்."

"ஷூவ மாட்டு அசோக்கு."

"எனக்குத் தெரியாதா? எத்தினி தபா பாத்துகீறேன்..."

"உன் கை கழண்டு கழண்டு லூசான கை. தொட்டா போவும், தொட்டா வரும். எனக்கு இது மொத தபா. உள்ள எலும்பு ஒடஞ்சி கீதா, நரம்பு மாட்டிக்கினு கீதா, உனக்குத் தெரியுமா? படம் புடிச்சிப் பாக்காம யாரும் இழுக்கக் கூடாது." மூச்சு வாங்கியது. "நீயும்தான்."

"வலில பேசுது மாமு, நீ இழு" என்றது ஒரு குரல். இன்னொரு குரல் ஆமோதித்தது. அசோகன் நிமிர்ந்து பார்த்தான். வெள்ளைக்குள் முகங்கள் வட்டமாக மிதந்தன. எல்லாம் தெரிந்த முகங்கள், அவனுக்காக விசிலடித்த முகங்கள். அவன் ஷூ பாதி கழன்றிருந்தது. அத்தனை பேர் எதிரில் அதைத் திரும்ப மாட்டிக்கொள்வது அவனுக்கு மானம் போகிற விஷயமாக இருந்தது. ஆனால் மெர்லினின் கண்ணில் ஒரு பயம் தெரிந்தது. வலிக்கான பயமில்லை அது, தன்னைப் பார்த்த பயம் என்று அவனுக்குப் புரிந்தது. அந்த நிமிடம் அவனுக்கு அழுகையே வந்தது. ஷூவை மாட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

"சொல்லு, இன்னா பண்ணணும்" என்றான்.

அவள் சொல்லச் சொல்லச் செய்தான். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தான், இருந்தது, குதித்தது. விரல்களை அசைக்கச் சொன்னான், அசைத்தாள். மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள், கை வீங்கினால் அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று. கல்யாணத்தன்று அவன் போட்ட மோதிரம், அவள் கழற்றியதேயில்லை. எச்சில் தொட்டு மெதுவாகத் திருகி எடுத்துத் தன் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டான். பாதி விரலோடு நின்றுவிட்டது.

"இப்ப தோளுக்கு வெளிப்பக்கம் தொடு. போலீஸ்காரங்க சட்டைக் கைல பட்டை தைப்பாங்க இல்ல, அந்த எடம்."

தொட்டான்.

"தொட்டியா?"

"தொட்டுகினு தான் கீறேன்."

"அந்தப் பக்கம் தொடு." வலது தோளைத் தொட்டான். "இது தெரியுது" என்றாள். இடது தோளைத் திரும்பிப் பார்த்தாள். "அது தெரியல அசோக்கு."

கோதண்டம் அதற்குள் ஐஸோடு வந்துவிட்டார். ஆட்டோ ஓட்டுகிறவர், அணிக்கு மேனேஜர் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டவர். சாலையோரம் மீன் விற்கிற தாயம்மாவின் பெட்டியிலிருந்து அள்ளிய ஐஸ், அதோடு ஒரு நெத்திலியும் வந்திருந்தது. நெத்திலியை எடுத்துப் போட்டுவிட்டு, ஐஸைத் துண்டில் சுற்றித் தோளில் வைத்தார்கள். மற்ற இடமெல்லாம் குளிர்ந்து மெர்லின் நடுங்கினாள். அந்த உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் குளிர்ச்சி அவளுக்குத் தெரியவேயில்லை.

"தங்கச்சி, மயக்கமா வரும், இத்தக் குடி" என்று கோதண்டம் ரோஸ் மில்க் பாட்டிலை நீட்டினார்.

"வேணாண்ணா. மயக்க மருந்து குடுத்துட்டு ஏத்துவாங்களோ இன்னாவோ, வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாது."

திறந்த பாட்டிலை என்ன செய்வதென்று தெரியாமல் கோதண்டம் தானே குடித்து முடித்தார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் நின்றதால் வண்டி வர நேரமாகும் என்று பதில் வந்தது. நாடி நன்றாக இருக்கிறது, மெதுவாகப் போனால் ஆட்டோவிலேயே போகலாம் என்று மெர்லின் சொன்னாள். கையை உடம்போடு சேர்த்துக் கட்ட முடியவில்லை. அது விலாவை விட்டுக் கொஞ்சம் தள்ளி, தன் இஷ்டத்துக்கு ஒரு கோணத்தில் நின்றது. நேராக்காதே, இருக்கிறபடி தாங்கு என்றாள். விலாவுக்கும் கைக்கும் நடுவில் துண்டுகளைச் சுருட்டி வைத்தார்கள். அவள் இடப்பக்கம் அசோகன் உட்கார்ந்து, தன் வலது கையை அவள் முன்கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கினான். விரல்நுனிகள் அவள் நாடியில் இருந்தன. ஆட்டோ குலுங்கினால் தன் உடம்பு அவள்மேல் சாயக்கூடாதே என்று இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கூரைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஆட்டோ நகர்ந்தது. நகர்ந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு பக்கமும் லாரிகள் மதில்போல நின்றன. வெள்ளைக்குள் சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி, துருப்பிடித்த பெட்டி என்று ஒவ்வொன்றாக வந்து, நின்று, பின்னால் போனது. மற்ற நாளில் அவற்றின் எண்களை அவன் கண் தானாகப் படித்துக்கொண்டே போகும். இன்றைக்கு எதையும் படிக்கவில்லை. அவனுடைய உலகம் முழுக்க விரல்நுனிக்கு வந்துவிட்டது. அங்கே அவள் நாடி அடித்தது. அடிக்கிறது, அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தான். கொஞ்ச நேரத்தில் அது யாருடைய நாடி என்றே தெரியவில்லை. கடல் சத்தமும் அதுவும் ஒன்றாகிவிட்டது. ஆட்டோ கடலுக்குள்ளேயே போய்க்கொண்டிருப்பதாகவும், லாரிகள் எல்லாம் கப்பல்கள் என்றும், இப்படியே எங்கும் போய்ச் சேராமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனால்கூடப் போதும் என்றும் அவனுக்குத் தோன்றியது. அவள் கண்ணை மூடியிருந்தாள். நெற்றியில் பனி ஈரம் பளபளத்தது.

அந்தப் பச்சை பனியனுக்குள் உணர்ச்சியில்லாத ஒரு உள்ளங்கையளவு இடம் இருப்பதை நினைத்தான். அந்த நரம்பு போய்விட்டால் கை மேலே தூக்காது என்று அவள்தான் வண்டியில் ஏறும்போது சொன்னாள். கை தூக்காவிட்டால் கோல் கம்பங்களுக்கு நடுவே வேறு யாரோ நிற்பார்கள். அவன் இழுத்திருந்தால்? ஆட வராமலே போன அந்தப் பையனின் முகம் பனிக்குள்ளிருந்து வந்தது. அவனுக்கு வேலையெல்லாம் கிடைக்கவில்லை என்பது அசோகனுக்குத் தெரியும்.

முன்னால் போன டிரெய்லர் சட்டென்று நின்றது. கோதண்டம் பிரேக்கை மிதித்தார். ஆட்டோ முன்னால் குத்திக் குலுங்கியது. அசோகன் தன் முழு பாரத்தையும் தலைக்கு மேலிருந்த இடது கையில் வாங்கிக்கொண்டு வலது கையை அசையாமல் வைத்தான். மெர்லின் கை துளி நகரவில்லை. ஆனால் அவனுடைய தோள் நழுவியது. அதே சத்தம், அதே வலி.

கண்ணில் பொறி பறந்தது. மேலேயிருந்த கையை எப்படியோ இறக்கித் தொடையில் போட்டான். உட்கார்ந்த இடத்திலேயே முழங்காலைக் கட்டிச் சாய்ந்தால் தீர்ந்தது, வாழ்நாளெல்லாம் செய்த வித்தைதான். அதற்கு இரண்டு கை வேண்டும். வலது கை மெர்லினிடம் இருந்தது.

கண்ணாடியில் கோதண்டம் பார்த்துவிட்டார். "மாமு, உன் கை..."

அசோகன் கண்ணாலேயே 'சும்மா இரு' என்றான். கோதண்டம் கண்ணைச் சாலைக்குத் திருப்பினார். அதன் பிறகு அந்த மனுஷன் ஆட்டோ ஓட்டியதுபோல அவர் ஆயுசிலேயே ஓட்டியிருக்க மாட்டார். குண்டும் குழியுமான சாலையில் எறும்பை நசுக்காமல் ஓட்டினார்.

"ஏன் மூச்சு இப்படி வாங்குது உனக்கு?" என்றாள் மெர்லின், கண்ணைத் திறக்காமல்.

"பயமா கீது" என்றான். பொய்யில்லை.

ஆஸ்பத்திரியில் கையை நர்ஸிடம் ஒப்படைக்கும்வரை விரலை நாடியிலிருந்து எடுக்கவில்லை. ஒப்படைத்த பிறகும் வலது கை அதே வளைவில் கொஞ்ச நேரம் நின்றது. எக்ஸ்ரே வந்தது. டாக்டர் அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கை எலும்பின் தலைப்பக்கம் மெல்லிய கீறல் ஒன்று ஓடியிருந்தது.

"யாராவது இழுத்துப் பார்த்தீங்களா?"

"இல்லிங்க."

"நல்லவேளை. இழுத்திருந்தா இந்தத் துண்டு தனியா வந்திருக்கும். நரம்பு வேற ஏற்கெனவே நசுங்கியிருக்கு." டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஏன் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிறீங்க?"

அறையிலிருந்து நர்ஸ் வெளியே போய்க்கொண்டிருந்தாள். பெஞ்ச் காலியாக இருந்தது. உட்கார்ந்து முழங்காலைக் கட்டலாம். இப்போது கை சும்மாதான் இருக்கிறது. அசோகன் பெஞ்சைப் பார்த்தான்.

"எனக்கும் ஒரு படம் புடிங்கம்மா" என்றான்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த மெர்லின் தலையைத் திருப்பினாள். அவன் தோளைப் பார்த்தாள். எப்போது, எப்படி என்று அவள் கேட்கவில்லை. ஆட்டோவின் அந்த பிரேக் அவளுக்கும் ஞாபகம் இருந்தது. வலியில்கூட அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

இருவரும் இடது கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். தெருவே சிரித்தது. ஒரே பிரசவத்தில் பிறந்த ரெட்டை என்று கேலி செய்தார்கள். சிரிப்பாய்ச் சிரித்தாலும் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். அசோகனுடைய மூட்டு, கழன்று கழன்று விளிம்பே தேய்ந்துபோயிருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவன் கவலையெல்லாம் அந்த உள்ளங்கையளவு இடத்தில் இருந்தது. மூட்டை ஏற்றிய பிறகும் அங்கே உணர்ச்சி வரவில்லை. பெரும்பாலும் வரும், நாளாகும், சிலருக்கு வராமலும் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தினமும் காலையில் அவளைக் கண்ணை மூடச் சொல்லித் தொடுவான். "தெரியுதா?" என்பான். "இல்ல" என்பாள். சில நாள் அவனுக்காகத் "தெரியுற மாரி கீது" என்பாள். அன்றைக்கு அவன் தொட்டிருக்கவே மாட்டான்.

இரண்டு பேருக்குமாக இரண்டு வலது கைகள். அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். அவள் தேங்காயைப் பிடிப்பாள், அவன் உடைப்பான். அவன் துணியின் ஒரு முனையைப் பிடிப்பான், அவள் மறுமுனையை முறுக்குவாள். தலை பின்னுவதுதான் பெரிய பாடு. ஒரு கையால் சடை பின்ன முடியாது. அதனால் அவள் கண்ணாடி முன் உட்கார, அவன் பின்னால் மண்டியிட, அவளுடைய வலது கையும் அவனுடைய வலது கையும் சேர்ந்து மூன்று புரிகளை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்ளும். முதலில் குதிரைவால்போலக் கோணலாக வந்தது. போகப் போக இரண்டு கைகளுக்கும் பழகிவிட்டது. ஜன்னல் வழியாகத் துறைமுகத்துக் கப்பலின் சங்கு ஊதும். மார்கழி போய்த் தை வந்த வெயில் சுவரில் நகரும். பின்னல் இறங்கிக்கொண்டே போகும். பேசாமல் பின்னுகிற அந்த நேரத்தில் அசோகனுக்கு ஆட்டோவின் கனவு திரும்பி வரும். எங்கும் போய்ச் சேராத அந்தப் பயணம் இன்னும் நடப்பதாகவே இருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் பின்னிக்கொண்டிருந்தார்கள். முடி அடங்கட்டும் என்று அவன் பானைத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு வந்திருந்தான். ஒரு புரியை அவள் விரலுக்கு மாற்றும்போது கை வழுக்கி, அவள் இடது தோளின் மேல் விழுந்தது. அவன் கவனிக்கவேயில்லை, அடுத்த புரியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"சீ, எடுப்பா கைய" என்றாள் மெர்லின். "சில்லுனு கீது."

கண்ணாடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த புரி நழுவியது. அவன் கையிலிருந்ததும் நழுவியது. பாதி பின்னிய சடை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

"இன்னொரு தபா சொல்லு" என்றான் அசோகன்.